கடலுக்கு மேலே மூன்று மைக்குகள்

விமானத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களுக்கே ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது என்பது அந்த வேலைக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. படங்களில் எல்லாரும் சாய்ந்திருந்து கதைத்துக்கொண்டுதான் போகிறார்கள். எங்கள் தீவின் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஓடுபாதையில் நின்ற அந்தச் சின்ன விமானத்தை விமானி ஸ்டார்ட் பண்ணிக் காட்டியபோது, அரிசி மில்லுக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. அவர் வாயை அசைத்தார். நானும் வாயை அசைத்தேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

நான் ஒலிபெருக்கி வேலை செய்கிறவன். கோயில் திருநாள், கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் மைக் கட்டுவேன். பழுதான அம்பிளிபயர் திருத்துவேன். அந்த விமானம் கரையோரத்தைப் படம் பிடிக்க வந்தது. நாலு பேர் இருக்கக்கூடியது. வந்த இடத்தில் அதன் இன்டர்கொம் பழுதாகிவிட்டது. உள்ளே இருப்பவர்கள் காதில் மாட்டிக்கொண்டு தங்களுக்குள் பேசும் கருவிக்குத்தான் அந்தப் பெயர். விமானி தங்கியிருந்த விடுதிக்காரருக்கு என்னைத் தெரியும். கொழும்பிலிருந்து ஆள் வரச் சுணங்கும், இங்கே ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்.

விமானி சிங்களவர், என்னைவிட வயது குறைந்தவர். தமிழ் தெரியாது. இடம்பெயர்ந்து புத்தளம் பக்கம் இருந்த காலத்தில் பழகிய சிங்களம் எனக்குக் கொஞ்சம் வரும். அவர் பேசியதை இங்கே தமிழில்தான் எழுதுகிறேன்.

புதுப் பெட்டி பஸ்ஸில் வந்தது. ஒரு செபப்புத்தகத்தின் அளவுதான். அதை முன்பக்கத்தில் இறுக்கி, ஒவ்வொரு இருக்கைக்கும் பக்கத்தில் மைக்குக்கு ஒரு துளை, காதுக்கு ஒரு துளை வைத்து வயர் இழுத்தேன். பூட்டி முடித்து எஞ்சினைப் போட்டால் காதுக்குள் ஒரே கூவல். எஞ்சின் வேகம் கூடக் கூட அந்தக் கூவலும் ஏறியது. எனக்கு விளங்கவில்லை. விமானி கொழும்பில் இருந்த மெக்கானிக்கைப் போனில் பிடித்தார். மைக் துளையின் இரும்பு விமானத்தின் உடம்பில் முட்டக்கூடாது, இடையில் பிளாஸ்டிக் வளையம் போடவேண்டும் என்று அந்த மனிதர் சொன்னார். பெட்டியோடு வந்த சின்னப் பையில் அந்த வளையங்கள் கிடந்தன. அவை எதற்கென்று தெரியாமல் நான் ஓரமாக வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டினேன். கூவல் நின்றது.

பெட்டியில் இரண்டு திருகிகள் இருந்தன. ஒன்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. மற்றது கதவு மாதிரி. ஒருவர் பேசினால்தான் அவருடைய மைக் திறக்கும், பேசாவிட்டால் மூடிக்கொள்ளும். எவ்வளவு பலமான குரலுக்குத் திறக்கவேண்டும் என்பதை அந்தத் திருகிதான் தீர்மானிக்கும். குறைத்து வைத்தால் மூச்சுக்கும் திறக்கும், எஞ்சின் இரைச்சலும் காற்றும் உள்ளே வந்துவிடும். கூட்டி வைத்தால் உரத்த குரலுக்கு மட்டும் திறக்கும்.

"நீங்கள் கதைத்தால் இதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்," என்றார் விமானி. "உங்கள் குரலுக்கு மைக்கே வேண்டாம்."

"செத்தவீட்டு அறிவித்தல் சொல்லிப் பழகின தொண்டை, சேர்," என்றேன்.

இந்தப் பகிடிக்குச் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் மனைவியின் போன் வந்தது.

"இஞ்சருங்கோ, தம்பி இன்னும் கரைக்கு வரேல்ல."

"எந்தத் தம்பி?" என்று கேட்டேன். ஒரே ஒரு தம்பிதான் அவளுக்கு. ஏன் அப்படிக் கேட்டேனோ தெரியாது.

"விடியக் காலம வாறவன். மத்தியானமாப் போச்சு. தனியத்தான் போனவனாம். கூடப் போற ஆளுக்குக் காய்ச்சலாம். அப்பா கரையில நிக்கிறார்."

என் மனைவியின் பிறந்த வீடு மீன்பிடி ஊரான பள்ளிமுனையில். அவளுடைய தம்பிக்கு இருபத்தாறு வயது. கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அப்பாவின், அதாவது என் மாமாவின், போட்டைத்தான் ஓட்டினான், நீலநிற பிளாஸ்டிக் போட், உள்பக்கம் வெள்ளை. வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காற்றுக் காலம். எஞ்சின் நின்றுவிட்டால் வாடை கரைக்குக் கொண்டுவராது. வெளியே, ஆழக் கடலுக்கு, இந்திய எல்லைக்கோட்டுப் பக்கம்தான் தள்ளிக்கொண்டு போகும். இது பள்ளிமுனையில் எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று பின்னேரம்வரை ஊர்ப் போட்டுகள் தேடின. நேவிக்கும் அறிவித்தார்கள். இருட்டியதும் எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

போன் வந்தபோது விமானியிடம் நான் உதவி கேட்கவில்லை. கையில் ஸ்குரூ டிரைவரோடு நான் நின்ற நிலையைப் பார்த்து அவரே என்னவென்று கேட்டார். சொன்னேன். பிறகு அவர் போனும் கையுமாக விமானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். யார் யாரிடமோ சத்தமாகப் பேசினார். கடைசியில் வந்து, "நாளைக்கு விடிய ஒரு தரம் போகலாம், அனுமதி தந்திருக்கிறார்கள்," என்றார். "ஆனால் நான் ஓட்டவேண்டும், கடலைப் பார்க்க முடியாது. கடலைப் பார்க்கத் தெரிந்த ஒரு கண் வேண்டும். அவர் சொல்வதை எனக்குச் சொல்ல நீங்கள் வேண்டும்."

கடலைப் பார்க்கத் தெரிந்த கண் என்றால் எங்கள் குடும்பத்தில் மாமாதான். தண்ணீரின் நிறம் ஒரு சாடை மாறினால் அடியில் மீன் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் விமானத்தை அவர் கிட்டப் பார்த்ததே இல்லை. விடிய நான் கூட்டிப்போகப் போனபோது வெள்ளைச் சேட்டுப் போட்டு, கோயிலுக்குப் போவதுபோல நின்றார். செபமாலை கையில் இருந்தது. மாமி வாசலில் இருந்து அழுதுகொண்டே ஏசினாள்.

"இந்த மனிசன் பஸ்ஸில ஏறினாலே சத்தி எடுக்கும். மேல போய் என்ன செய்யப்போகுது?"

"நீ சும்மா இரு," என்றார் மாமா. பிறகு என்னிடம், "கடல மேலால பாக்கிறது ஆண்டவர் மட்டுந்தான் எண்டு நினைச்சிருந்தனான், தம்பி. இண்டைக்கு என்னையும் ஏத்துறார். காட்டாமலா விடப்போறார்?" என்றார்.

அந்த வார்த்தையை நானும் பிடித்துக்கொண்டேன். காட்டாமலா விடப்போகிறார்.

விமானி மாமாவைத் தன் பின்னால் யன்னலோரம் இருத்தினார். நான் விமானிக்குப் பக்கத்தில். மாமாவின் காதில் கருவியை மாட்டி மைக்கை உதட்டோடு ஒட்டவைத்தேன். விமானி சொன்னதை அவருக்குச் சொன்னேன்.

"மாமா, ஒண்டையும் பிடிக்கக்கூடாது. அவரத் தட்டவும் கூடாது. என்ன கண்டாலும் இதிலதான் சொல்லவேணும்."

"ஓம்."

"உரத்துச் சொல்லுங்கோ."

"ஓம், ஓம்."

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். பள்ளிமுனைக் கடலோடிகள் கரையில் எவ்வளவு சத்தம் போட்டாலும், கடலில் எதையாவது கண்டால் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். கத்தினால் மீன் கலைந்துவிடும் என்பது ஒன்று. கண்டதைக் கத்திச் சொன்னால் கிடைக்காது என்பதும் ஒன்று. அதனால் முன்னால் நிற்பவர் மெதுவாக ஒரு சொல் சொல்லுவார். எஞ்சின் பிடிப்பவர் பதில் சொல்லமாட்டார், போட்டை அந்தப் பக்கம் திருப்புவார், அவ்வளவுதான். கண்டவர் இரண்டாம் தரம் சொல்வதும் இல்லை. மாமா சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எனக்கு இது தெரியும். மாமாவோடு கடலுக்குப் போனவன்தான் நானும். ஆனால் விமானத்தில் ஏறும்போது அது ஒரு விஷயமாகவே நினைவில் வரவில்லை.

மேலே ஏறினோம். தீவு முழுவதும் ஒரு பாய் விரித்த மாதிரிக் கீழே தெரிந்தது. எங்கள் கோயிலைக் கண்டேன். தலைமன்னாருக்கு அப்பால் மணல் தீடைகள், சின்னச் சின்ன மணல்திட்டுகள், வெள்ளையாக வரிசையில் கிடந்தன. பார்க்கச் சந்தோஷமான காட்சிதான். ஆனால் அவ்வளவு தண்ணீர். அதற்குள் ஒரு போட் என்பது என்ன?

மாமா செபமாலை சொல்லத் தொடங்கினார். கண் யன்னலில், கை மணியில், உதடு அசைந்துகொண்டே இருந்தது. மைக் உதட்டில் ஒட்டியிருந்ததால் ஒவ்வொரு செபத்துக்கும் கதவு திறந்து, அவருடைய முணுமுணுப்பும் எஞ்சின் இரைச்சலும் சேர்ந்து எங்கள் காதில் வந்தன. நான் மனதுக்குள் கூடவே சொன்னேன். விமானிக்கு அது பெரும் இடைஞ்சலாக இருந்தது. கீழே கொழும்பிலிருந்து ரேடியோவில் அவரைக் கூப்பிடுகிறார்கள், அவருக்குப் பிடிபடவில்லை. நேவிப் போட்டும் தான் எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு தரம் திரும்பக் கேட்டார்.

"கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள்," என்றார் என்னிடம். பிறகு மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமாவின் கண்ணில் இருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. "வேண்டாம், விடுங்கள். அவர் கும்பிடட்டும்," என்று சொல்லிக் கையை நீட்டித் திருகியைக் கூட்டினார். செபம் நின்றது. எங்கள் காதுக்கு மட்டும்.

நான் உரத்துச் சொன்னேன். "மாமா, இனிச் செபம் எங்களுக்குக் கேளாது. நீங்கள் சொல்லுங்கோ. ஆனா ஏதும் கண்டா பெலத்துச் சொல்லவேணும். சரியோ?"

தலையை ஆட்டினார். உதடு நிற்கவில்லை.

தெற்கே போய், மேற்கே போய், எல்லைக்கோட்டுக்குக் கிட்ட வந்துவிட்டோம். அதற்கப்பால் இந்தியக் கடல். தாண்டக்கூடாது என்ற கட்டளையோடுதான் அனுமதி தந்திருந்தார்கள். விமானி மெல்லத் திருப்பினார். நான் என் பக்கக் கடலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், மாமா எப்படி இருக்கிறார் என்று பின்னால் திரும்பினேன். அவர் யன்னலில் கன்னத்தை ஒட்டி, முன்னால் பார்க்காமல், விமானத்தின் வால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசையவில்லை.

"என்ன மாமா?" என்று கத்தினேன்.

அவர் வாய் அசைந்தது. காதில் ஒன்றும் வரவில்லை. கையைப் பெட்டிக்குக் கொண்டுபோய்த் திருகியைக் குறைத்தேன். இரைச்சலோடு அவருடைய குரல் வந்தது.

"எப்ப கிட்டப் போறது?"

"எதுக்கு மாமா?"

"சொன்னனான்தானே. இடக்கைப் பக்கம் கிடக்கு எண்டு. அவர் திருப்பினவர்தானே. திரும்பப் போறார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

எல்லைக்கோட்டில் விமானி திருப்பியதை, தான் சொன்னதற்குத் திருப்பியதாக அவர் நினைத்திருந்தார். கடலில் அப்படித்தானே. சொல்லுவார், போட் திரும்பும்.

"என்ன கண்டனீங்கள்?"

"நீலமா ஒண்டு. வெள்ளையும் தெரிஞ்சது. அதுக்குள்ள…" என்று நிறுத்தினார். "அதுக்குள்ள ஒண்டு எழும்பின மாதிரி இருந்தது."

விமானிக்குச் சொன்னேன். சிங்களச் சொற்கள் முன்பின்னாக வந்தன. அவர் விமானத்தைச் சரித்துத் திருப்பினார். "எவ்வளவு நேரத்துக்கு முன்னம் என்று கேளுங்கள்," என்றார்.

மாமாவிடம் மணிக்கூடு இல்லை. செபமாலையைத் தூக்கிப் பார்த்தார். "நாலாவது பத்தின்ர நடுவில கண்டனான். சொல்லிப்போட்டுப் பிறகும் செபத்தச் சொல்லிக்கொண்டுதான் இருந்தனான். இப்ப அஞ்சாவதில, முடியப் போகுது."

செபமாலை பத்துப் பத்து மணியாக ஐந்து பகுதி, ஒரு மணிக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. இதை எப்படி விமானிக்குச் சொல்வது? சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவர் சொல்லும் வேகத்தில் ஒரு மணிக்குரிய செபத்தை ஒரு தரம் சொல்லச் சொல்லுங்கள்," என்றார். மாமா சொன்னார். விமானி மணிக்கூட்டைப் பார்த்தார். இடையில் போன மணிகளின் எண்ணால் அதைப் பெருக்கினார். செபத்தை அளவுகோலாக வைத்து வானத்தில் பின்னோக்கிப் போனோம். நான் மைக்கில் ஒவ்வொரு அருள் நிறைந்த மரியேயாக எண்ணிக்கொண்டு வந்தேன். என் வாழ்நாளில் அதைவிட நம்பிக்கையோடு நான் செபித்ததில்லை. முடியும் இடத்தில் அவன் நிற்பான், எழுந்து நின்று கையைக் காட்டுவான் என்று முழுதாக நம்பினேன்.

கடைசி மணியும் முடிந்தது. கீழே தண்ணீர் மட்டும்தான்.

வட்டம் போட்டோம். பெரிய வட்டம், அதைவிடப் பெரிய வட்டம். காற்று விமானத்தையும் தள்ளியிருக்கும், போட்டையும் தள்ளியிருக்கும், செபத்தின் வேகமும் அழுகையில் கூடிக் குறைந்திருக்கும். வெயில் ஏறிக் கடல் முழுவதும் மினுங்கத் தொடங்கியது. ஒவ்வொரு மினுக்கமும் ஒரு போட். மாமா இப்போது கத்தினார். "அங்க! அந்தா அங்க!" கண்டதெல்லாம் சொன்னார். நுரையைச் சொன்னார், முகில் நிழலைச் சொன்னார். நான் ஒவ்வொன்றையும் விமானிக்குச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் போனார், அலுக்காமல் போனார். எண்ணெய் முடியும் அளவுக்கு வந்ததும், "அண்ணன், இனி நிற்க முடியாது," என்றார்.

"என்னவாம்?" என்று மாமா கேட்டார்.

"எண்ணெய் காணாதாம். போய் அடிச்சுக்கொண்டு வருவமாம்."

"என்னை இதில இறக்கிவிடச் சொல்லு," என்றார் மாமா. அவர் அதைப் பகிடிக்குச் சொல்லவில்லை.

நேவிப் போட் அந்த இடத்துக்குப் போனது. பின்னேரம் நாங்கள் இன்னொரு தரம் ஏறினோம். முகில் இறங்கி மழை மூட்டமாகி, தீடைகளுக்கு அப்பால் போக முடியாமல் திரும்பினோம். அடுத்த நாள் மழை. அதற்கடுத்த நாள் விமானத்தைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். போகுமுன் விமானி மாமாவின் வீட்டுக்கு வந்தார். மாமி தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டு, கதிரை நுனியில் இருந்துகொண்டு, "திருகியைக் கூட்டியது நான்தான் என்று அவருக்குச் சொல்லுங்கள்," என்றார் என்னிடம்.

சொன்னேன்.

மாமா அவருடைய கையைப் பிடித்தார். "இல்ல மகன். எனக்குப் பெலத்துச் சொல்லச் சொன்னவை. நான்தான் சொல்லேல்ல," என்றார். அதை நான் சிங்களத்தில் சொல்லவில்லை. எனக்கு முடியவில்லை. விமானி அதை விளங்கிக்கொண்டாரோ தெரியாது.

போட்டும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. இந்தியக் கரையில் ஒதுங்கினவர்கள் அங்கே சிறையில் இருந்து பிறகு வந்த கதைகள் எங்கள் ஊரில் உண்டு. ஆறு மாதம் அந்தக் கதைகளில் இருந்தோம். பிறகு யாரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

மாமா மாறிப்போனார். வாய் திறந்தால் கத்துகிறார். "தண்ணி தா!" என்பதும் கத்தல்தான். "கதவச் சாத்து!" என்பதும் கத்தல்தான். முதலில் மாமி, "செவிடருக்கோ சொல்லுறீங்கள்?" என்று ஏசினாள். இப்போது ஏசுவதில்லை. கோயிலில் எல்லாரும் மெதுவாகத் தங்கள் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது அவருடைய குரல் மட்டும் கூரையில் மோதுகிறது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

என் மனைவி ஒருநாள் கேட்டாள். "அப்பா சொன்ன நேரம் அவன் விமானத்தப் பாத்திருப்பானோ?"

"பாத்திருப்பான்."

"கைகாட்டியிருப்பானோ?"

நான் பழுதான அம்பிளிபயர் ஒன்றின் மூடியைக் கழற்றத் தொடங்கினேன்.

"போறதையும் பாத்திருப்பான்," என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் வானத்தில் எது போனாலும் வீட்டுக்குள் போய்விடுகிறாள்.

பாதர் நல்ல மனிதர். ஆண்டவருடைய சித்தம் எங்களுக்கு விளங்காது என்றார். அவனுக்காக மரித்தோர் பூசை ஒப்புக்கொடுக்கலாமா என்று கேட்டார். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு ஏன் பூசை என்றாள். மாமா, "ஒப்புக்கொடுங்கோ!" என்று கத்தினார். மாமி எழும்பிப் போய்விட்டாள். பூசை நடக்கவில்லை.

போன கார்த்திகையில் இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஊர் முழுவதும் சேமக்காலைக்குப் போனது. எல்லாரும் தங்கள் தங்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினார்கள். எங்களுக்குக் கொளுத்த ஒரு இடம் இல்லை. மாமா வீட்டில் இருந்தோம். மாதா சுரூபத்துக்கு முன்னால் பாய் போட்டு மாமா செபமாலையைத் தொடங்கினார், தொண்டை கிழிய. ஒவ்வொரு மணியையும் கத்திச் சொன்னார். மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். நாலாவது பத்தின் நடுவில் நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். பிறகு தொடர்ந்தார்.

பதில் செபத்தை நான்தான் சொன்னேன். என் வாய்க்கு அது பழக்கம். ஆண்டவர் காட்டாமல் விடமாட்டார் என்றுதான் ஏறினோம். அவர் காட்டினார், அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது. காட்டாமல் விட்டிருந்தால் கும்பிட்டுக்கொண்டு இருந்திருப்பேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன், மைக் கட்டுகிறேன், முழந்தாளில் நிற்கிறேன். கேட்க ஒன்றும் இல்லை. எல்லாருடைய பதிலும் முடியும்வரை நின்றுவிட்டு, எழும்பி வயர்களைச் சுருட்டுகிறேன்.